‘நம்ம’ வீட்டில் அயலார்: காச்சர் கோச்சர் குறுநாவலும் தன்மைப் பன்மையும்

விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதி 2013 ஆம் ஆண்டு வெளிவந்த ‘காச்சர் கோச்சர்’ பெங்களூரைக் களமாகக் கொண்ட குறுநாவலாகும். ஸ்ரீநாத் பெரூரின் மொழிபெயர்ப்பால் ஆங்கில வாசகரையும் கே. நல்லதம்பியின் மொழிபெயர்ப்பால் தமிழ் வாசகரையும் அது சென்றடைந்துள்ளது. வறுமையில் ஒன்றுபட்டிருந்த குடும்பம் செல்வத்தில் சீர்கெட்டது என்னும் நீதிக்கதையாகவே இந்நூல் பெரிதும் வாசிக்கப்படுகிறது. அவ்வாசிப்பு பிழையன்று, ஆயினும் போதாது. புதிதாக வந்த வளத்தில் மனிதர் ஒட்டாமல் நிற்கும் நிலை இந்நூலில் நிகழ்ச்சிகளால் மட்டுமின்றி மொழிக்கூறுகளாலும் உணர்த்தப்படுகிறது என்பதும், அக்கூறுகளுள் தன்மைப் பன்மைப் பெயரே தமிழில் பெயர்ப்போர்க்குப் பெருஞ்சோதனையாகும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. வெளிவந்துள்ள தமிழ்ப் பெயர்ப்பை மதிப்பிடுவது இதன் நோக்கமன்று.

2024 சூலையில் பெங்களூர் மாகடி சாலையிலுள்ள ஒரு பேரங்காடியில், மகனுடன் திரைப்படம் காண வந்த முதிய உழவர் ஒருவர் வேட்டி அணிந்திருந்த காரணத்தால் உள்ளே விடப்படவில்லை. எதிர்ப்பு எழுந்தபின் அந்த அங்காடியை ஏழு நாள் மூடும்படி கர்நாடக அரசு ஆணையிட்டது. ஆடம்பரச் சூழலில் இடமற்றுப் போதல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது இத்தகைய காட்சியே. அங்கு வாயிலும் காவலாளியும் கண்ணுக்குத் தெரிகின்றனர், எதிர்ப்பதும் எளிது. ஷான்பாக் காட்டுவது வாயிற்காவலன் இல்லாத இடமாகும். வீடு அவர்களுடையது; பணமும் அவர்களுடையது. தடுப்பவர் எவருமில்லை. இருந்தும் ஒட்டவில்லை.

கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. தேயிலை நிறுவனம் ஒன்றின் விற்பனையாளரான தந்தையின் வருவாயில், தொடர்வண்டிப் பெட்டிகள்போல் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த சிறு அறைகளில், எறும்புகளுடன் போராடி வாழ்ந்த குடும்பம் அது. எரிவாயு அடுப்பு வாங்குவதுகூட அங்குக் குடும்பம் முழுவதும் கூடிப் பேசும் செய்தி. வேலையைவிட்டு விலக நேர்ந்தபோது தந்தைக்குக் கிடைத்த தொகையை முதலாகக் கொண்டு சித்தப்பா தொடங்கிய மசாலா வணிகம் செழிக்க, அவர்கள் பெரிய வீட்டுக்குக் குடிபெயர்கின்றனர். தந்தை தம் உழைப்பால் வாராத செல்வத்தைத் தமதென எண்ணத் தயங்குகிறார். கதைசொல்லி நிறுவனத்தின் இயக்குநன்; அவனுக்கு ஊதியம் உண்டு, வேலை இல்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் இருப்புக்கொள்ளாமல் அவன் நாள்தோறும் சென்று அமரும் இடம் ஒரு பழைய காபி ஹவுஸ். அவனுடைய பெயர் நூல் முழுவதிலும் சொல்லப்படவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

இந்நிலையைத் தமிழும் கன்னடமும் சொல்லும் முறை ஏறத்தாழ ஒன்றே. ‘எனக்குக் கூச்சமாக இருந்தது’ என்கிறோம். கன்னடத்தில் ‘நனகெ முஜுகரவாயிது’ என்பர். இரண்டிலும் உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். உணர்வு அவரிடம் வந்து சேர்கிறது. அவர் அதனைச் செய்வதில்லை. ‘அந்த வீட்டில் எனக்கு மனம் ஒட்டவில்லை’ என்னும் தொடரில் ஒட்டாதது மனம். குறை வீட்டினுடையதா மனிதனுடையதா என்பதைத் தொடர் சொல்லாது. ஆங்கில வழக்கிலோ மனிதன்தான் இடம் தவறிய பொருளாகிறான். எனவே இவ்வுணர்வைக் கன்னடத்திலிருந்து தமிழுக்குக் கொணர்வதில் இடர் இராது என்றே முதற்பார்வையில் தோன்றும். இடர் அடுத்த படியில் உள்ளது.

தமிழில் கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தாத ‘நாங்கள்’ எனத் தன்மைப் பன்மைப் பெயர் இரண்டாக உள்ளது. தெலுங்கிலும் ‘மனமு’, ‘மேமு’ என்னும் வேறுபாடு வழங்குகிறது. இக்காலக் கன்னடம் இவ்வேறுபாட்டை இழந்துவிட்டது. இரு பொருளுக்கும் ‘நாவு’ ஒன்றே. அதன் உடைமை வடிவமான ‘நம்ம’ தமிழின் ‘நம்’, பேச்சுவழக்கின் ‘நம்ம’ ஆகியவற்றோடு ஒலியிலும் பிறப்பிலும் உறவுடையது. இவ்வுறவே ஏமாற்றுகிறது. பெங்களூரில் 2011 அக்டோபர் முதல் ஓடும் இருப்புப்பாதைக்கு ‘நம்ம மெட்ரோ’ என்று பெயர். அப்பெயரைக் கேட்கும் தமிழர் அதில் தம்மையும் சேர்த்தே பொருள் கொள்வார். தமிழ் ‘நம்ம’ அவ்வாறு உறுதி கூறுகிறது. கன்னட ‘நம்ம’ அவ்வுறுதியைத் தருவதுமில்லை, மறுப்பதுமில்லை. ‘உங்களுக்கும் எங்களுக்கும் உரியது’ என்பதற்கும் ‘எங்களுடையது, உங்களுடையதன்று’ என்பதற்கும் அச்சொல் ஒன்றே. (அப்பெயரை வைத்தோர் அனைவரையும் அழைக்கவே விரும்பியிருப்பர் என்பதில் ஐயமில்லை, இங்குப் பேசுவது இலக்கணத்தை.)

ஒரு மொழி எதனைச் சொல்ல இயலும் என்பதைவிட எதனைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்தான் மொழிகள் பெரிதும் வேறுபடுகின்றன என யாகப்சன் 1959 இல் எழுதினார். இக்குறுநாவலைப் பெயர்ப்போர்க்கு அது வெறும் கோட்பாடன்று. மருமகளாக வரும் அனிதா ஐதராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். கணவன் உழைக்காமல் ஊதியம் பெறுகிறான் என்பதை மணத்திற்குப் பின்னரே அறிகிறாள். சித்தப்பாவுக்கென உணவு சமைத்துக்கொண்டு வாயிலுக்கு வந்த பெண்ணை மாமியாரும் நாத்தியும் இழித்துரைத்து விரட்டும்போது அதனைத் தட்டிக்கேட்பவள் அவள் ஒருத்தியே. அவ்வீட்டார் அவளை நோக்கி ‘நம்ம மனெ’ என்று சொல்வதாகக் கொள்வோம். கன்னட வாசகர் அதனை அழைப்பாகவும் கேட்கலாம், எச்சரிக்கையாகவும் கேட்கலாம். ஆங்கில வாசகரின் நிலையும் அதுவே. தமிழ் வாசகருக்கு அவ்வாய்ப்பில்லை. ‘நம் வீடு’ எனின் அவள் குடும்பத்தில் ஒருத்தி. ‘எங்கள் வீடு’ எனின் அவள் அயலாள். மூல ஆசிரியர் முடிவு செய்யாமல் விட்ட ஒன்றை மொழிபெயர்ப்பாளர் தொடர்தோறும் முடிவு செய்ய வேண்டியவராகிறார். ஒலியொப்புமையை நம்பி எங்கும் ‘நம்’ என இடுவாரானால், நூல் நெடுகிலும் கதவடைக்கப்படும் பெண்ணுக்கு இலக்கணம் கதவைத் திறந்துவைத்ததாகிவிடும்.

தப்பும் வழி ஒன்று உண்டு. தமிழ் வினைமுற்றில் இவ்வேறுபாடு இல்லை. ‘ஓம்’ விகுதி இரண்டுக்கும் பொது. பெயரை விடுத்து ‘வந்தோம்’, ‘வாங்கினோம்’ என எழுதினால் கன்னடத்தின் இருபொருள்நிலை காக்கப்படும். ஆனால் உடைமைத்தொடரில் இவ்வழி எளிதன்று. ‘வீடு’, ‘பணம்’, ‘குடும்பம்’ என வாளா நிறுத்தினால் உரிமை பாராட்டும் தொனியே போய்விடும். அத்தொனியன்றோ கதையின் உயிர்! ஆகவே உரையாடலில் பெரும்பாலும் ‘எங்கள்’ என்பதே தக்கது என்றும், அவளை இணங்கவைக்க முயலும் இடங்களில் மட்டும் ‘நம்’ வரலாம் என்றும் இக்கட்டுரையாளர் கருதுகிறார். அவ்வாறு செய்தால் இனிய சொற்களே பொய்யாக ஒலிக்கும். அது மூலத்தில் இல்லாத கூர்மை என்று மறுப்போர் இருக்கலாம். தமிழில் கூர்மையைத் தவிர்க்க வழியில்லாதபோது அதனை உரிய இடத்தில் வைப்பதே செய்யத்தக்கது.

உறவுப்பெயர்களில் இத்தகைய சிக்கல் இல்லை. ‘சிக்கப்பா’ என்பது பொருளமைப்பிலும் ‘சித்தப்பா’வே. அதனை அப்படியே வைத்தால் தமிழ்ச்செவிக்குச் ‘சிக்கு’ என்பதும் உடன் கேட்கும். தலைப்பின் பொருளை எண்ணினால் சுவையான தற்செயல்தான், எனினும் தற்செயலே.

தலைப்புச் சொல் தனியே ஆராயத்தக்கது. அனிதாவின் உடன்பிறந்தான் சிறுவயதில் பட்டநூல் சிக்கியபோது படைத்த சொல் அது. அவள் பிறந்த வீட்டாரன்றி உலகில் எவரும் அறியாதது. மணமான புதிதில், அவிழாத பாவாடை நாடாவைக் கண்டு அவள் வாயில் அச்சொல் வர, கணவன் அதன் பொருளைக் கேட்டு அறிகிறான். மசாலாப் பணத்தால் வாங்க இயலாத ஒன்று இக்கதையில் உண்டெனின் அது இச்சொல்லே. அவள் தன் வீட்டு மொழிக்குள் அவனை அனுமதிக்கிறாள். அவன் வீடு தன் தன்மைப் பன்மைக்குள் அவளை அனுமதிக்கவில்லை.

அமைப்பில் இது ‘பணம் கிணம்’, ‘மனெ கினெ’ போன்ற எதிரொலிச் சொல்லன்று. பிரித்தால் பொருள்படாமையால் இரட்டைக்கிளவியை ஒத்தது. உயிர் ஆகாரத்திலிருந்து ஓகாரமாக மாறுவதால் அதனின்றும் வேறுபட்டது. கன்னட எழுத்தில் இதன் முதலொலி மூச்சொலி கலந்த ககரமாகும். அவ்வொலி திராவிடத்திற்கு இயல்பன்று. கன்னடத்திலும் பேச்சில் பலர் அதனை மூச்சின்றியே ஒலிப்பர். அதாவது, சொல் தன் முதலெழுத்திலேயே அவ்வீட்டுக்கு அயலாக நிற்கிறது. தமிழ் எழுத்து அவ்வயன்மையை அழித்துவிடுகிறது. சொன்முதற் ககரம் ஒலிப்பின்றியே படிக்கப்படும். ஆனால் இரட்டித்த சகரம் பயனுடையது. ஒற்றைச் சகரமாயின் உயிரிடையில் உரசொலியாகிச் சொல்லின் கடுமை நீங்கியிருக்கும். இதற்கு மாற்றாகக் ‘கந்தரகோளம்’ போன்ற வழக்குச்சொல்லை இடலாமே என்பாரும் உளர். அனைவரும் அறிந்த சொல்லை அறிந்துகொள்வதில் அவனுக்கு என்ன பேறு கிடைக்கும்?

எஞ்சிய ஒன்று கதைசொல்லியின் ‘நாங்கள்’. அவன் வாசகரை நோக்கிப் பேசுவதால் தமிழில் அவ்வடிவமே வரும்; அதில் தேர்வுக்கு இடமில்லை. ஆனால் ‘நாங்கள்’ கேட்போரை விலக்குகிறதேயன்றி, அங்கில்லாத மூன்றாமவர் உள்ளா புறமா என்பதைக் கூறுவதில்லை. அனிதா பிறந்த வீட்டிற்குச் சென்றிருக்கிறாள்; அவள் திரும்புவாளா என்னும் அச்சத்துடன் அவன் காபி ஹவுஸில் அமர்ந்திருக்கிறான். அவன் அங்கிருந்து சொல்லும் ‘நாங்கள்’ அவளையும் சேர்த்ததுதானா? கன்னட ‘நாவு’ இதற்கு விடை தரவில்லை. இவ்விடத்தில் தமிழும் தருவதில்லை.