விசிலுக்குப் பிறகு வரும் வசனம்

'அசுரன்' (2019) படத்தில், கைதான மூத்த மகனை மீட்க சிவசாமி ஆதிக்க சாதியினரின் வீடு வீடாகப் போய்க் காலில் விழுகிறார். சின்ன மகன் சிதம்பரத்துக்கு அப்பா ஒரு கோழை. இடைவேளை நெருங்கும்போது அதே சிவசாமி ஆயுதம் தூக்க, ஜி.வி. பிரகாஷின் இசை அதிர, தியேட்டரில் விசில் காதைப் பிளக்கிறது. கடைசியில் அவரே மகனிடம் படிப்பின் அருமையைச் சொல்லிவிட்டுக் கொலைப்பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார்.

தமிழ்ப் பழிவாங்கல் படங்களின் பழைய சிக்கல் இது. பழியின் ருசிக்கு இரண்டரை மணி நேரம், அதன் விலைக்குக் கடைசி ஐந்து நிமிடம். 'தேவர் மகன்' (1992) சக்திவேலும் அப்படித்தான். எதிரி மாயனின் தலை போன பிறகு, பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லிவிட்டுப் போலீசில் சரணடைகிறான். ஊர்த் திருவிழாக்களில் ஒலித்ததோ அந்த அறிவுரை அல்ல, 'போற்றிப் பாடடி பெண்ணே'. 2023இல் 'மாமன்னன்' இசை வெளியீட்டு விழாவில், 'தேவர் மகன்' நாயகன் கமல் ஹாசனை முன்னால் வைத்துக்கொண்டே, அந்தப் படம் தன்னைப் பாதித்த விதத்தை 'மாமன்னன்' இயக்குநர் மாரி செல்வராஜ் பேசினார்.

அதற்காகப் பழிவாங்கல் கதையே கூடாது என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்பவர்களுக்குக் கோர்ட்டும் போலீசும் பெரும்பாலும் கைகொடுத்திருக்கும். 'அசுரன்' முன்கதையில் எரியும் குடிசைகள், 1968இல் 44 பேர் கருகிச் செத்த கீழ்வெண்மணியை நினைவூட்டுபவை. அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அவர்களில் ஒருவரான கோபாலகிருஷ்ண நாயுடு 1980இல் கொல்லப்பட்டார். சட்டம் கைவிட்ட இடத்தில் அரிவாள் முளைப்பதைக் காட்டும் படத்தை வன்முறைப் படம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. கேட்க வேண்டியது வேறு: வெட்டு விழுந்த பிறகு கேமரா எவ்வளவு நேரம் அங்கேயே நிற்கிறது?

'அசுரனு'க்கு மூலமான பூமணியின் 'வெக்கை' (1982) கொலையோடுதான் தொடங்குகிறது. பையன் கையை மட்டும் வெட்டத்தான் நினைத்திருந்தான், ஆளே போய்விடுகிறான். பிறகு நாவல் நெடுக அப்பாவும் மகனும் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள், கிடைத்ததைச் சமைத்துத் தின்கிறார்கள், வீட்டிலிருப்பவர்களை எண்ணிக் கவலைப்படுகிறார்கள். ஒரு வெட்டு ஒரு குடும்பத்தை எப்படி வீட்டை விட்டுத் துரத்துகிறது என்பதே கதை. விசிலடிக்க அங்கே இடமில்லை. படமும் காட்டுக்குள் போகிறது, ஆனால் அந்தக் காத்திருப்பைச் சுருக்கிச் சண்டையை நீட்டிக்கொள்கிறது. வெற்றிமாறன் போன்ற நிதானமான இயக்குநருக்கே ஹீரோ என்ற சுமை இப்படி வாய்க்கிறது!

சசிகுமாரின் 'சுப்ரமணியபுரம்' (2008) இந்த விஷயத்தில் கறார். ஆட்டோவுக்குள் பரமன் செய்யும் கொலை குமட்டுகிறது. பரமனைக் காட்டிக்கொடுத்துவிட்டு, 28 வருடம் கழித்துச் சிறையிலிருந்து வெளியே வரும் காசியையும் பழி விடுவதில்லை.

'மகாராஜா' (2024) இன்னும் தூரம் போகிறது: வில்லன் செல்வம் தேடிய பழி அவன் பெற்ற மகள் மீதே விழுந்திருக்கிறது. பழிக்கு இதைவிடக் கொடிய விலையைத் தமிழ் சினிமா அதிகம் எழுதியதில்லை. ஆனால் அந்த விலையைக் கொடுத்தவள் அந்த மகள் ஜோதி. அவளுக்கு நேர்ந்ததைக் கதைத் திருப்பத்துக்காக ஒளித்துவைத்த திரைக்கதை, செல்வத்தைச் சந்தித்துப் பேச அவளுக்கு ஒரே ஒரு காட்சி தருகிறது. படத்திலேயே வலுவான காட்சி அதுதான். அங்கிருந்தும் படம் செல்வத்தின் குற்ற உணர்ச்சிக்குத்தான் ஓடுகிறது. ஜோதியோடு இன்னும் பத்து நிமிடம் இருந்திருக்கலாம்.