கடனும் கூலியும்

கடன் கொடுப்பவனை நம் ஊரில் லேவாதேவிக்காரன் என்று சொன்னார்களே தவிர, புண்ணியவான் என்று யாரும் சொன்னதில்லை. இப்போது அந்தத் தொழிலுக்கும் ஒரு புண்ணியப் பெயர் வந்துவிட்டது. சிறுகடன் நிறுவனங்கள் வட்டியும் வாங்குகின்றன, வறுமையையும் ஒழிக்கின்றன என்கிறார்கள். வட்டி வாங்குவதைக் கண்ணால் பார்க்கிறோம். வறுமை ஒழிகிறதா என்பதுதான் கேள்வி.

இதன் பூர்வ கதை நல்ல கதை. 1976-இல் வங்காள தேசத்து ஜோப்ரா கிராமத்தில் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேருக்கு, மொத்தம் 27 டாலர் பெறுமான பணத்தைத் தம் கையிலிருந்து கொடுத்தார். அங்கே முக்காலி பின்னுகிற ஒரு பெண், மூங்கிலை வியாபாரியிடம் கடனாக வாங்கி, முக்காலியை அவன் சொன்ன விலைக்கே அவனிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். சொந்தமாக நாலு காசு இருந்தால் லாபம் அவளுடையது. கணக்கு சரியான கணக்குத்தான். 1983-இல் கிராமீன் வங்கி பிறந்தது. 2006-இல் நோபல் பரிசும் வந்தது.

அந்தக் கணக்கைத் திருப்பூரில் போட்டுப் பார்ப்போம். இங்கே கடன் வாங்குகிற பெண் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள், செக்கிங் பார்க்கிறாள், பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறாள். துணி முதலாளியுடையது, மெஷினும் அவருடையது, ஆர்டர் கடல் கடந்த வியாபாரியுடையது. அவளுக்குச் சொந்தம் இரண்டு கைகள். கடனை அவள் எந்தத் தொழிலில் போடுவாள்? படிவத்தில் கறவை மாடு என்று எழுதிக்கொள்ளலாம். பணம் போவது வீட்டு அட்வான்ஸுக்கும், பள்ளிக்கூட பீஸுக்கும், ஆஸ்பத்திரிக்கும். இவை ஒன்றும் ஊதாரிச் செலவுகள் அல்ல. கூலி நியாயமாக இருந்தால் கூலியிலேயே நடந்திருக்க வேண்டிய செலவுகள். கூலியில் விழுந்த துண்டைக் கடன் மறைக்கிறது. அதற்கு வட்டி கட்டுகிறவள் அவள்.

கந்துவட்டிக்காரனிடமிருந்து சிறுகடன் காப்பாற்றவில்லையா என்று கேட்கலாம். ஓரளவு காப்பாற்றியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. 2003-இல் சட்டம் போட்டும் சாகாத கந்துவட்டியைவிட, ரசீது கொடுக்கிற நிறுவனம் மேல்தான். ஈடு கேட்காமல் ஏழைப் பெண்ணை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் வேறு யார்?

ஆனால் ஈடு கேட்கவில்லை என்பது முழு உண்மை அல்ல. பக்கத்து வீட்டுக்காரியின் முகந்தான் ஈடு. குழுவில் ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் பிழைக்க வந்து, லைன் வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு அவசரத்துக்கு உதவுவது அந்த அக்கம்பக்கத்துச் சிநேகம் ஒன்றுதான். அதையும் அடகு வைத்தாயிற்று.

தவணைக்குத் தேதி உண்டு. வேலைக்குத் தேதி கிடையாது. 2020-இல் ரிசர்வ் வங்கி 6 மாதம் தவணையை நிறுத்திவைக்க வழி செய்தது. அப்போதும் வட்டி நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது ஆர்டர்கள் நின்றன, தவணைத் தேதி மட்டும் நகரவில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்பது இங்கேதான் ஆரம்பமாகிறது. 2010-இல் ஆந்திரத்தில் தற்கொலைச் செய்திகள் வந்த பிறகு அரசாங்கம் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2011-இல் ரிசர்வ் வங்கி வட்டிக்கு 26 சதவீதம் என்று வரம்பு கட்டியது. 2022-இல் வட்டி வரம்பே எடுக்கப்பட்டது. 2015-இல் 6 நாடுகளின் ஆராய்ச்சிகள் ஒன்றாக வெளிவந்தன. அவற்றில் ஹைதராபாத் ஆராய்ச்சியும் ஒன்று. சிறுகடனால் கொஞ்சம் பயனுண்டு, வாழ்க்கை அடியோடு மாறிவிடவில்லை என்பதே அவற்றின் சாரம்.

இதே திருப்பூரில் இன்னொரு கடனும் உண்டு. ஏற்றுமதி செய்கிறவர் வங்கியில் வாங்குகிற கடன். அதன் வட்டியில் ஒரு பகுதியை 2015 முதல் 2024 முடிய மத்திய அரசே ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டுப் போட்டியைத் தாங்க வேண்டும் என்பது காரணம். நியாயமான காரணந்தான். அவருடைய பனியனில் பிசிறு வெட்டுகிறவளும் அதே போட்டியைத்தான் தாங்குகிறாள்; அவள் வட்டியில் பங்கேற்க யாரும் முன்வரவில்லை.

2014-இல் தமிழக அரசு தையல் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். உயர்வு செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2016 ஆயிற்று. கடன் ஒரே வாரத்தில் வீடு தேடி வருகிறது. கூலிக்கோ கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருக்கிறது. ஏழையின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்து முன்பணம் கொடுக்கிற உலகம், அவள் செய்து முடித்த வேலைக்குப் பணம் கொடுக்க மட்டும் ஏன் இவ்வளவு யோசிக்கிறது? அதற்குப் பதில் சொல்லிவிட்டு, வறுமை ஒழிப்பைப் பற்றிப் பேசட்டும்.