நிற்பதா, தொங்குவதா?

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தையொட்டி நடக்கும் பொருட்காட்சியில் ராட்டினத்தைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் ஒன்று விளங்கும்: பயத்தைக் காசு கொடுத்து வாங்க மனிதன் தயங்குவதில்லை. குறுக்குத்துறையில் மண்டபத்தின் மீதேறித் தாமிரபரணியில் குதிக்கும் சிறுவர்கள் அதை இலவசமாகவே பெறுகின்றனர். வயிறு மேலெழும்புவது போன்ற அந்த உணர்ச்சியை எந்த இருக்கை நன்கு தரும் என்பதே இங்கு நாம் ஆராயும் கேள்வி.

சென்னையருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா பூங்காவில் ‘தஞ்சோரா’ என்னும் ரோலர் கோஸ்டர் உள்ளது. தண்டவாளம் தலைக்கு மேலே, கால்கள் அந்தரத்தில். இவ்வகை, 1992இல் அமெரிக்காவில் ‘பேட்மேன்’ என்ற பெயரில் அறிமுகமாயிற்று. இதற்குப் பத்தாண்டு முன்னரே, 1982இல், ஜப்பான் நின்றபடி பயணம் செய்யும் வண்டியைத் தந்தது. எது சிறந்தது?

வண்டி, தண்டவாளத்தையே அச்சாகக் கொண்டு 2 வினாடியில் ஒருமுறை புரள்வதாகக் கொள்வோம். கோணத் திசைவேகம் வினாடிக்கு 3.14 ரேடியன், அதன் வர்க்கம் ஏறக்குறைய 10. எனவே அச்சிலிருந்து 1 மீட்டர் தள்ளியுள்ள உறுப்புக்கு, ஏறக்குறைய புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான முடுக்கம் ஏற்படும். 2 மீட்டர் எனில் இருமடங்கு. நிற்பவரின் தலையோ 2 மீட்டர் உயரத்தில்! தொங்குபவருக்குத் தலை அச்சின் அருகில். தாங்கும் திறன் மிக்க கால்களே தொலைவில். பொறியாளர்கள் அச்சை நெஞ்சருகே நகர்த்தலாம். ஆனால் நிற்பவரின் நீளத்தைக் குறைக்க இயலாது. மேலும் பள்ளத்தில் எடை மும்மடங்கானால், 60 கிலோ மனிதரின் கால்கள் 180 கிலோவைச் சுமக்க வேண்டும். அமெரிக்காவின் ‘மான்டிஸ்’ என்னும் நிற்கும் வண்டி 2015இல் உட்காரும் வண்டியாக மாற்றப்பட்டதில் வியப்பில்லை.

இருக்கையே தனியாகச் சுழலும் ‘எக்ஸ்’ என்னும் வண்டி 2002இல் கலிபோர்னியாவில் வந்தது. அச்சுழற்சியை ஆளவே கூடுதலாக இரண்டு தண்டவாளங்கள் தேவைப்பட்டன. அதை வடிவமைத்த ஆரோ நிறுவனம், அது திறக்கப்படும் முன்பே திவாலாயிற்று. கற்பனைக்குக் குறைவில்லை, கட்டி முடிப்பதுதான் கடினம்.

எனவே என் வாக்கு தொங்கும் இருக்கைக்கே. ஆயினும் அதற்கும் ஒரு குறை உண்டு. வண்டியைவிடக் கீழே நீளும் கால்களும் வண்டியின் பகுதியே. 2002இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், இத்தகைய வண்டியின் பாதைக்குக் கீழே சென்ற பூங்காத் தொழிலாளி ஒருவர், பயணி ஒருவரின் கால் மோதி உயிரிழந்தார். ஆக, வேலி என்பது இவ்வடிவமைப்பின் ஓர் உறுப்பு. பின்னால் சேர்க்கும் அலங்காரமன்று.

மாணவர்களே, புதுமையான இருக்கை எதைக் கண்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: அச்சு எங்கே? தலை எங்கே? கீழே நிற்பவர் யார்?