எண்ணும் சுரமும்: ‘மிடி’ இசைநிரலாக்கம் பற்றிய ஒரு நோக்கு

இசைக்கருவிகளையும் கணினிகளையும் இணைக்கும் ‘மிடி’ நியமம் 1983இல் அறிமுகமாயிற்று. அமெரிக்க, ஜப்பானிய உற்பத்தியாளர் சிலர் கூடி வகுத்த இந்நியமத்தில் ஒவ்வொரு சுரமும் 0 முதல் 127 வரையான எண்களுள் ஒன்றாகின்றது. மூலசுரமும் ஸ்தாயியும் தெரிந்தால் அவ்வெண்ணைப் பெறுதல் எளிது: ஸ்தாயியின் எண்ணோடு ஒன்றைக் கூட்டி, 12ஆற் பெருக்கி, மூலசுரத்துக்குரிய எண்ணைச் சேர்த்தல் வேண்டும். ‘சி’ பூச்சியம், ‘ஜீ’ ஏழு; எனவே நான்காம் ஸ்தாயியில் அவை முறையே 60, 67.

இவ்வெளிமையின் பின்னே சில தெரிவுகள் மறைந்துள்ளன. நடுச் ‘சி’ 60 என நியமம் கூறிற்றேயன்றி, அதன் ஸ்தாயி எண்ணை வரையறுக்கவில்லை. யமஹா நிறுவனம் அதனை மூன்றாம் ஸ்தாயி என வழங்க, வேறு பலர் நான்காம் ஸ்தாயி என்பர். நாம் கூட்டிய ‘ஒன்று’ இயற்கை விதியன்று, வழக்காறேயாகும். நம் பாடகர் சுருதியைக் கட்டையால் அளப்பதும் இத்தகையதே. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிப் பிறந்த இவ்வழக்கில் ஒரு கட்டை ‘சி’, ஐந்து கட்டை ‘ஜீ’ ஆகும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே அரைச்சுரம் ஒன்றே உள்ளமையால், மூன்றரைக் கட்டை என ஒன்று இல்லை!

ஆயின் நம் இசையில் ஆதார சட்ஜம் பாடுவோர்க்கேற்ப இடம்பெயர்வது. சட்ஜத்தை 60இல் வைத்து மூன்றைக் கூட்டினால் 63 கிடைக்கும். நாட்டையில் அது சட்சுருதி ரிஷபம். கரகரப்பிரியாவில் சாதாரண காந்தாரம். எண் இவ்விரண்டையும் ஒன்றாக்கி விடுகின்றது. சுரத்தின் அசைவோ எண்ணுக்குள் அடங்காது. சுருதியை வளைக்கும் வேறொரு செய்தியாக அனுப்பப்பட வேண்டியுள்ளது.

இதனைக் கொண்டு, கணினி நம் இசைக்கு ஒவ்வாதது எனத் தூய்மைவாதிகள் கூறுவதை நாம் ஏற்பதற்கில்லை. 17ஆம் நூற்றாண்டில் 72 மேளங்களை வகுத்த வேங்கடமகியும் கணிதத்தையே நாடினார். பன்னிரு தானங்களுக்குப் பதினாறு பெயர்களை வழங்கும் அம்மேள மரபில், கணக்கு நிகழ்ந்தபோதும் பெயர் அழியவில்லை. நிரலாளர் இழப்பது இதனையே. ஆதார சுருதி, சுரப்பெயர், ஸ்தாயி ஆகிய மூன்றையும் தனித்தனியே பேணி, கருவிக்கு அனுப்பும் கணத்தில் மாத்திரம் எண்ணாக்கும் நிரலை எழுதுவதற்குத் தடை எதுவுமில்லை. எண்ணை மட்டும் சேமித்து வைப்பின், 63 எந்தச் சுரமாக இருந்தது என்பதை அவ்வெண்ணே பின்னர் நமக்குச் சொல்லாது.