வேலிக்குள் புல், அணைக்குள் நீர்

2022 இல் பெற்றோலுக்காகக் கொழும்பு பேஸ்லைன் வீதியில் வாகனங்கள் வரிசை கட்டி நின்றபோது, தெமட்டகொடையில் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. எண்ணெய் வந்த பிறகு அவற்றில் பல மறுபடியும் பழைய இடத்துக்கே போய்விட்டன. போகாத சைக்கிள்களின் சொந்தக்காரர்கள் இப்போது மலைநாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். நுவரெலியாவுக்குப் போய், மவுண்டன் பைக் வாடகைக்கு எடுத்து, அம்பேவல புல்வெளியையும் ஏரிகளையும் ஒரே நாளில் சுற்றிவரும் பயணம் அது. ‘குட்டிச் சுவிட்சர்லாந்து’ என்பது அதற்கு வைத்த விற்பனைப் பெயர். அந்தப் பெயருக்கு இந்தப் பயணம் தகுமா, பெயரை நீக்கிவிட்டால் மிஞ்சுவது எவ்வளவு என்பதைத்தான் இங்கே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

ஒப்பிட்டு விற்பவர்களை அந்த ஒப்பீட்டைக் கொண்டே அளப்பது நியாயம். அல்ப்ஸ் மலையில் ஏறத்தாழ 2,000 மீற்றரைத் தாண்டினால் குளிரால் மரம் வளராது. புல் மட்டும் இருக்கும். கோடையில் மாடுகளை அங்கே ஓட்டிப்போய், பாலைக் கறந்து, அங்கேயே பால்கட்டி செய்து, குளிர் தொடங்கும் முன் இறக்கிவருவார்கள். இன்று சைக்கிள் ஓடும் தடங்களில் பல அப்படிப் போய்வந்த மாடும் மனிதரும் மிதித்து உண்டானவை. அதைவிட முக்கியமானது சட்டம். 1912 இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் குடியியல் சட்டக்கோவையின் 699 ஆம் பிரிவு, ஊர் வழக்கத்துக்கு உட்பட்டு, காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் எவரும் கால் வைக்கலாம் என்கிறது. சைக்கிளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது கன்டன் எனப்படும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனாலும் 2018 இல் மக்கள் வாக்களித்துச் சைக்கிள் பாதைகளை அரசியலமைப்புக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே நிலம், நீர், பாதை, உரிமை என்ற நான்கையும் வைத்துத்தான் நம் பயணத்தைப் பார்க்க வேண்டும். காட்சி அழகை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் அது விளம்பரத்தின் மறுபதிப்பாகிவிடும்.

முதலில் நிலம். பட்டிப்பொல நிலையம் ஏறத்தாழ 1,890 மீற்றரில் இருக்கிறது. இலங்கையில் அதைவிட உயரமான ரயில் நிலையம் இல்லை. அதற்கு முந்திய நிலையம் அம்பேவல. ஆனால் நாம் நிலநடுக்கோட்டுக்கு வெறும் ஏழு பாகை வடக்கே இருக்கிறோம். இந்த அகலாங்கில் 2,524 மீற்றர் பிதுருதலாகல உச்சியில்கூடக் காடு வளர்கிறது. அம்பேவலயில் கண்ணுக்கு எட்டியவரை விரியும் பச்சை, பாற்பண்ணைக்காக உருவாக்கிய புல்தரை. சீமை மாடுகள், காற்றாலைகள், பனி மூட்டம் எல்லாம் படத்துக்கு நன்றாக அமையும். ஆனால் அது வேலி போட்ட பண்ணை. அனுமதி பெற்ற பார்வையாளர் ஒதுக்கிய இடத்தில் நின்று பார்க்கலாம். புல்லுக்குள் சைக்கிள் இறங்க முடியாது. சவாரி செய்பவருக்குக் கிடைப்பது தார் வீதியும் அதன் ஓரத்துக் கம்பி வேலியும்.

இயற்கையான உயர்நிலப் புல்வெளி வேண்டுமென்றால் பட்டிப்பொலவுக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளி இருக்கிறது. 2,100 மீற்றருக்கு மேலே புல்லும் முகிற்காடும் மாறி மாறி வரும் அந்த மேட்டுநிலம் 1988 இல் தேசியப் பூங்காவானது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்து நீர் போகிறது. ‘உலக முடிவு’ என்ற மலைவிளிம்புக்குப் போகும் தடம் நடப்பவர்களுக்கு மட்டும் உரியது. அந்தத் தடை சரியானது. ஈரம் குடித்த கரும்மண்ணில் டயர் ஒருமுறை கீறினால், அடுத்த மழையில் அந்தக் கீறல் வாய்க்காலாகும். ஆக, சைக்கிள் போகத்தக்க புல்வெளி தனியார் வேலிக்குள் இருக்கிறது. வேலியில்லாத புல்வெளிக்குள் சைக்கிள் போகக்கூடாது. நிலம் என்ற அளவில் அம்பேவலப் பயணம் தோற்கிறது.

அடுத்து நீர். நுவரெலியாவின் கிறகரி வாவி, ஆளுநர் வில்லியம் கிறகரி காலத்தில், 1873 இல், சதுப்பு நிலத்தில் நீரைத் தேக்கி உண்டாக்கியது. மலைநாட்டின் பெரிய ஏரிகள் எல்லாமே இப்படிக் கட்டப்பட்டவைதான். அம்பேவலப் பயணத்துக்கு மாற்றாக நாம் பார்க்கப்போகும் ஹட்டன்–மஸ்கெலியாப் பக்கத்து நீர்த்தேக்கங்களில் காசல்ரி 1965 இலும் மவுசாகலை 1969 இலும் நீர்மின்சாரத்துக்காக நிரம்பின. மவுசாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலின் கற்கள் இன்றும் வெளியே தெரியும். ஊர்க்காரர்கள் போய் நின்று பார்க்கிறார்கள்.

கட்டிய ஏரி என்பது குறையாகாது. கட்டியதை மறைத்து ‘தீண்டப்படாத இயற்கை’ என்று விற்பதுதான் குறை. கொழும்புக்காரருக்கு இந்த நீரோடு வேறொரு உறவும் உண்டு. காசல்ரி தேங்கும் கெஹெல்கமு ஓயாவும் மவுசாகலை தேங்கும் மஸ்கெலி ஓயாவும் கீழே சேர்ந்துதான் களனி கங்கை ஆகின்றன. களனி நீரை அம்பத்தளையில் சுத்திகரித்துத்தான் கொழும்புக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். தெமட்டகொடை வீட்டுக் குழாய்க்கும் விளக்குக்கும் கிறகரி வாவியைவிட இந்த இரண்டு நீர்த்தேக்கங்களும் நெருக்கமானவை. மோட்டார் படகும் வாடகைக் குதிரையும் நிறைந்த கிறகரிக் கரையோடு ஒப்பிட்டால், நீர் என்ற அளவில் மஸ்கெலியாப் பக்கம் தெளிவாக முன்னிற்கிறது.

மவுண்டன் பைக் என்ற கருவியின் தேவையைத் தீர்மானிப்பது பாதை. மலையேறும் ரயில் எஞ்சின்களைத் தெமட்டகொடைக் கொட்டகையில் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சரிவைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையக ரயில் பாதையின் கடுமையான ஏற்றமே 44 இற்கு 1; நூற்றுக்கு இரண்டேகால் அளவுதான். அதற்கே எஞ்சின் முக்கி முனகும். தேயிலைத் தோட்டத்து வீதிகள் அதைப்போலப் பல மடங்கு செங்குத்தானவை. கொழுந்து ஏற்றிய லொறி ஸ்டோருக்குப் போகவென்று மலையை வளைத்து வெட்டியவற்றில் ஏற்றம் ஓரளவு சீராக இருக்கும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து மலைக்கு ஏறும் குறுக்குவழிகளோ படிக்கட்டுக்குச் சமம்.

நுவரெலியாவிலிருந்து அம்பேவல போகும் வீதி தார் போட்டது. அதில் முள் டயரும் முன் சஸ்பென்ஷனும் வெறும் பாரம். கியர் உள்ள எந்தச் சாதாரண சைக்கிளும் அந்த வேலையைச் செய்யும். ஹட்டனில் இறங்கி, டிக்கோயா வழியாகக் காசல்ரிக் கரையைத் தொட்டு, நோர்வூட் தாண்டி மஸ்கெலியாவுக்குப் போகும் பிரதான வீதியும் தார்தான். ஆனால் அதை விட்டுத் தோட்ட வீதிகளில் திரும்பியதும் நிலைமை மாறிவிடும். கல் பெயர்ந்த இறக்கம், மழைநீர் குறுக்கே அறுத்த பள்ளம், கொண்டை ஊசி வளைவு, சவுக்கு மரத்தடியில் வழுக்கும் சருகு என்று ஒவ்வொன்றும் கையையும் கண்ணையும் சோதிக்கும். டிஸ்க் பிரேக்கை விடாமல் அழுத்தினால் சூடேறிப் பிடி தளரும். விட்டு விட்டுப் பிடிக்கப் பழக வேண்டும். உடலைப் பின்னே தள்ளி, பெடல் இரண்டையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி இறங்க வேண்டும். வாடகை கொடுத்து எடுத்த மவுண்டன் பைக்குக்கு இங்கேதான் வேலை இருக்கிறது.

பருவமும் பாதையோடு சேர்ந்தது. மலையின் மேற்குச் சரிவான இந்தப் பகுதியில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை கொட்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஓரளவு காயும். ஆனால் அதே மாதங்கள் சிவனொளிபாதமலைப் பருவத்துக்குள்ளும் வரும். வார இறுதிகளிலும் போயா நாட்களிலும் யாத்திரை பஸ்கள் மஸ்கெலியா வீதியை அடைத்துக்கொள்ளும். ஆகவே வேலைநாளே உகந்த நாள். விடியலில் தொடங்கி, மதியத்துக்குப் பின் மூட்டம் இறங்கும் முன் முடித்துவிட வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயல் மலைநாட்டில் மண்சரிவுகளை உண்டாக்கி உயிர்களைப் பறித்தது. மலையக ரயில் பாதையையும் பல இடங்களில் சிதைத்தது. அதன் பிறகு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் தோட்ட வீதியில் சைக்கிளை இறக்குவது வீரம் ஆகாது. ‘ஒரு நாள்’ என்ற சொல்லும் சவாரிக்கு மட்டுமே பொருந்தும். கொழும்பிலிருந்து ஹட்டனுக்குப் போகவும் வரவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஓர் இரவாவது மலையில் தங்கித்தான் ஆகவேண்டும்.

கடைசியாக உரிமை. இந்த இடத்தில்தான் நம் பயணம் சுவிட்சர்லாந்திலிருந்து வெகுதூரம் விலகிப்போகிறது. அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் 1992 இல் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. தோட்ட வீதியில் சைக்கிள் ஓட்ட வெளியார் ஒருவருக்கு வேண்டியது நிர்வாகத்தின் சம்மதம். அது கிடைக்கலாம், நாளை மறுக்கவும்படலாம். அதே வீதியில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்துக் கூடையோடு நடந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தாம் குடியிருக்கும் லயத்து மண் இன்னும் சொந்தமில்லை. கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ டிரெயில், பழைய தோட்ட வழிகளைக் கோத்து, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்திருப்பது பெரிய முன்னேற்றம்தான். என்றாலும் பலகை வழியைக் காட்டும். வழியின் மீது உரிமையைச் சட்டம்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு நாள் பொழுதுபோக்குக்கு இவ்வளவு கனமான தராசு எதற்கு என்று கேட்கலாம். காலாற மிதித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து வருவதற்கு நில உரிமை பேசுவானேன்? கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் தோட்ட வீதி பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழி, நோயாளியை லொறியில் ஏற்றி இறக்கும் வழி. அங்கே வேகமாக இறங்கும் சைக்கிள் யாருடைய முற்றத்தைக் கடக்கிறது என்று தெரியாமல் ஓட்டுவது ஆபத்தான ஓட்டமும்கூட. சுற்றுலா வந்தால் தோட்டத்துக்குப் பணம் வருமே என்ற வாதமும் பாதிதான் உண்மை. வழிகாட்டி, சைக்கிள், சோற்றுப் பார்சல் மூன்றும் கொழும்பிலிருந்து வான் வண்டியில் வந்தால், மலைக்கு மிஞ்சுவது டயர் தடம் மட்டுமே. வழிகாட்டி அந்தத் தோட்டத்துப் பிள்ளையாகவும், ரொட்டியும் சம்பலும் லயத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியதாகவும், பஞ்சர் ஒட்டுபவர் மஸ்கெலியா டவுனில் இருப்பவராகவும் இருந்தால் வாதம் நிற்கும். புறக்கோட்டைக் கடைகளிலும் வெள்ளவத்தை வீடுகளிலும் வேலைக்கு வந்திருக்கும் மலையகப் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தவர்களுக்கு, ஊரிலேயே கிடைக்கும் ஒரு பிழைப்பின் பெறுமதி புரியும்.

தீர்ப்பைச் சொல்லிவிடலாம். அம்பேவலச் சுற்றை மவுண்டன் பைக் பயணம் என்று பணம் கொடுத்து வாங்க வேண்டாம். அது நல்ல காட்சி. பட்டிப்பொலப் பக்கம் ரயில் ஓடும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கலாம், தார் வீதியில் சாதாரண சைக்கிளிலும் போகலாம். ஹோர்ட்டன் சமவெளியை நடந்து பார்ப்பதே முறை. காசல்ரி–மவுசாகலைத் தோட்ட வீதிகளை, வரண்ட மாதத்தில், வேலைநாளில், உள்ளூர் வழிகாட்டியோடு தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஓட்டக் கற்றவருக்கு அது சிறந்த சவாரி, புதியவருக்குக் கடினம், பிரேக் பழகாதவருக்கு ஆபத்து. நான்கு அளவுகளில் நீரிலும் பாதையிலும் அது வெல்கிறது. நிலத்தில் அல்ப்ஸோடு போட்டி போட வேண்டிய தேவையே அதற்கு இல்லை. தேயிலை மலை தன்னளவில் போதும். உரிமையில் மட்டும் அது தேறவில்லை. தோட்ட வழிகளைப் பொதுவழிகளாக அறிவித்து, அவற்றில் முதல் உரிமையை அங்கே குடியிருப்பவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் வரை, இந்தப் பயணத்தை நல்லது என்று சொல்லலாம், முழுமையானது என்று சொல்ல முடியாது.