மாய எண்ணா, நிறைவெண்ணா?

தமிழில் அறிவியல் எழுதுவோர், அணுக்கருவைப் பற்றிக் கூறுமிடத்து 2, 8, 20, 28, 50, 82, 126 என்னும் எண்களை 'மாய எண்கள்' என்று குறிக்கின்றனர். சிலர் 'மந்திர எண்கள்' என்பர். ஆங்கில வழக்கை அடியொற்றி வந்த பெயர் இது. பொருளுக்கு இது பொருந்துமா என்று ஆராய்தல் வேண்டும்.

முதலில் பொருளை நோக்குவோம். கருவிலுள்ள புரோட்டான்களும் நியூட்ரான்களும் படிப்படியான கூடுகளில் அடங்குகின்றன. ஒரு கூடு நிரம்பியதும் கரு உறுதி பெறுகிறது. அடுத்து வரும் துகள் தளர்வாகவே பிணைகிறது. 1949இல் மரியா கோப்பர்ட் மேயரும், தனியே ஹான்ஸ் யென்சன் குழுவினரும் இவ்வெண்களுக்குக் காரணம் காட்டினர். மேயரும் யென்சனும் 1963இல் நோபல் பரிசு பெற்றனர். காரணம் விளங்கியபின் மாயம் ஏது?

இவ்வுறுதியை எங்ஙனம் அறிவது? சிராங்கூன் சாலை நகைக்கடைத் தராசு இதற்கு உதவாது. மின்னேற்றம் பெற்ற அணுவைக் காந்தப்புலத்தில் சுழலவிட்டு, ஒரு நொடியில் அது எத்தனை முறை சுழல்கிறது என்பதிலிருந்து நிறையைக் கணிக்கின்றனர். துகள்கள் பிணையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. அதற்கேற்ப நிறை குறைகிறது. ஆதலின் நிறையே உறுதியைக் காட்டும் சான்று. 'நிறை', 'நிறைவு' இரண்டும் ஒலியால் ஒத்தவை. 'நிறைவெண்' என்றால் காரணம் சொல்லிலேயே விளங்கும்.

இதற்கு ஒரு தடை உண்டு. 1975இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் சோடியம்-31 முதலிய நிலையற்ற கருக்களின் நிறையை அளந்தபோது, 20 நியூட்ரான்களில் எதிர்பார்த்த நிறைவு காணப்படவில்லை. 2013இல் அங்கேயே கால்சியம்-54 வரை அளந்தபோது, 32 புதியதொரு நிறைவாக உறுதிப்பட்டது. எண் மாயமாவதால் 'மாய எண்' என்பதே தகும் என்று சிலர் கூறலாம். நயமான வாதந்தான். ஆயினும் 20 மறைந்தது மாயத்தாலன்று. நியூட்ரான் மிகுந்த அக்கருக்களில் கூடுகளின் இடைவெளி சுருங்கி, துகள்கள் மேற்கூட்டுக்கு ஏறிவிடுவதால் ஆகும். நிறைவு கருவுக்குக் கரு மாறும் என்பதே பாடம்.

இது வெறுஞ் சொற்போர் அன்று. சிங்கப்பூரில் 1982இல் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டது. இன்று மாணவர் அறிவியலை ஆங்கிலத்திலேயே கற்கின்றனர். அவர்கட்குத் தமிழ்க் கலைச்சொல் எட்டுவது பெரும்பாலும் ஏட்டிலும் மேடையிலுமே. அங்கும் 'மாயம்' என்று சொல்லி நிறுத்தினால், 'ஏன்' என்னும் வினா எழாமலே போகும். கலைச்சொல் ஆக்குவோர் பெயரை மட்டும் பெயர்த்தல் போதாது. பொருளையும் பெயர்த்தல் வேண்டும்.