காணாத மலை

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தேநீர்க் கடைகளிலும் கிடங்கு அலுவலகங்களிலும் தொங்கும் நாட்காட்டிகளில் பனிமலைப் படங்களுக்குக் குறைவில்லை. புல்வெளி, சிவப்புக் கூரை வீடு, பின்னே வெண்சிகரம். வடசென்னை அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியே உயரத்திற்கு எல்லையான நம் பிள்ளைகளுக்கு அவை இனிமையாகத்தான் இருக்கும். ஆயினும் பன்னிரு திங்கள் பார்த்த பின்னும் அம்மலை நம்மிடம் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

பேசும் மலை ஒன்று பெர்லின் நகரத்துப் பழைய தேசியக் கலைக்கூடத்தில் உண்டு. ‘வாட்ஸ்மன்’ எனும் அவ்வெண்ணெய் ஓவியத்தை 1824-25இல் தீட்டியவர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக். பால்டிக் கரையோரத் துறைமுக நகரமான கிரைஃப்ஸ்வால்டில் 1774இல் பிறந்தவர். நம்மவரைப் போல் கடற்காற்றில் வளர்ந்தவர். அவர் ஆல்ப்ஸ் மலையைத் தம் வாழ்நாளில் கண்டதே இல்லை! மாணவர் அகஸ்ட் ஹைன்ரிச் நேரில் கண்டு வரைந்த படத்திலிருந்து சிகரத்தை எடுத்துக்கொண்டார். நடுவிலுள்ள பாறையோ, 1811இல் ஹார்ஸ் மலைப் பகுதியில் தாமே வரைந்து வைத்திருந்தது.

அவ்வாறாயின் இது பொய்ப்படமா?

அதே மலையை 1824இல் தீட்டிய லுத்விக் ரிக்டர், முந்திய ஆண்டில் ஆல்ப்ஸைக் கடந்து ரோமுக்குச் சென்றவர், கண்ணாரக் கண்டவர். மியூனிக்கிலுள்ள அவர் படத்தில் அருவியும் மரச்செறிவும் குடியிருப்பும் நம்மை வருக என்று அழைக்கின்றன. அழகுதான், ஆனால் நாட்காட்டிக்கு அது வெகு தொலைவில் இல்லை. ஃபிரீட்ரிக்கின் படத்தில் ஏறிச் செல்ல வழியே இல்லை. அடிவாரம் நிழலில் கிடக்க, சிகரம் மட்டும் ஒளியில் நிற்கிறது. மனிதரில்லை, விலங்கில்லை. (மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையலாம் என இப்னு அப்பாஸ் (ரலி) ஓர் ஓவியருக்குக் கூறியதை அறிந்த நம் இல்லங்களில் இதுபற்றித் தயக்கம் எழாது.) மலையின் பெருமையும் மனிதனின் சிறுமையும் காணாதவர் கையிலேயே கூடுதலாக விளங்கியிருக்கின்றன.

இவ்வழக்கு நமக்குப் புதிதன்று. உமறுப் புலவர் சீறாவின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை மலைமழையும் ஆற்றுப்பெருக்கும் நெல்வயலுமாகப் பாடினார். மணல்வெளியில் நெல் ஏது என்று இன்றும் சிலர் ஏளனம் செய்கின்றனர். அரபுக் கவிதையின் வருணனை மரபைப் பயின்றவன் என்ற முறையில் கூறுகிறேன்: அவர் நிலநூல் எழுதவில்லை. அண்ணலார் பிறந்த மண் எத்தகைய அருள் பெற்றது என்பதைத் தமிழ்க் குடியானவனுக்குப் புரியும் ஒரே மொழியில், நீரின் மொழியில், சொன்னார். ஹார்ஸ் பாறையை ஆல்ப்ஸில் நட்டவரும் தம் கைக்கு எட்டிய மண்ணைக் கொண்டே எட்டாததைக் கட்டினார்.

குறை இல்லாமலில்லை. அந்தப் பாறை ஒட்டுப் போட்டதாகவே தெரிகிறது; சிகரத்தின் அளவோடு அது இசையவில்லை. இன்னொன்று: மூலப் படம் ஏறத்தாழ 170 செ.மீ. அகலமும் 135 செ.மீ. உயரமும் உடையது. புத்தகத் தாளில் அடிவாரத்து நிழல் வெறும் கறுப்பாக அப்பிவிடுகிறது. அச்சிற் காண்போர் அந்தக் கறுப்பினுள் சரிவுகள் அடுக்கடுக்காக இருப்பதை உன்னிப்பாய்த் தேடிப் பார்க்க வேண்டும்.